வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே: ஸ்கேல், நாணயம், துண்டுச் சீட்டு

கேள்வி இதுதான்: கல்லூரியில் தினமும் கொஞ்சம் ஜாலியாகவும் இருக்க வேண்டும், எதையாவது உருப்படியாகக் கற்றுக்கொள்ளவும் வேண்டும். அதற்கென்று தனியாக நேரமோ பணமோ ஒதுக்க முடியாது. என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். ஆனால் 'வேடிக்கையாகப் படிப்போம்' என்று யாராவது திட்டம் போட்டால் அது மூன்றாவது நாளே படுத்துவிடும். வண்ணப் பேனா, சுவரில் ஒட்டும் அட்டவணை எல்லாம் மேல்பூச்சுதான். ஆளை உட்கார வைப்பது ஒன்றே ஒன்று: விடை தெரிவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் யூகத்தைச் சீட்டில் எழுதி வைப்பது. எழுதியவருக்கு அடுத்து என்ன வரும் என்று பார்த்தே ஆக வேண்டும். எழுதாதவர் "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துவிடுவார். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு விதி பொது.

தேவையான பொருட்கள்: 30 செ.மீ. ஸ்கேல், ஒரு நாணயம், ஒன்றரை மீட்டர் நூல், ஒரு சின்னப் பூட்டு, பழைய நோட்டிலிருந்து கிழித்த துண்டுச் சீட்டுகள், போன். அவ்வளவுதான்.

ஐந்து நிமிட இடைவேளை என்றால் ஸ்கேல் போதும். ஒருவர் முன்கையை மேஜை விளிம்பில் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே 2-3 செ.மீ. இடைவெளி விட்டு நீட்டுகிறார். இன்னொருவர் ஸ்கேலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடிக்கிறார். பூஜ்யம் கீழே, கட்டைவிரலின் மேல் விளிம்புக்கு நேராக இருக்க வேண்டும். சொல்லாமல் விடுகிறார், பிடித்த இடத்தில் கட்டைவிரலின் மேல் விளிம்பு எந்த அளவைக் காட்டுகிறதோ அதுதான் ஸ்கேல் விழுந்த தூரம். 10 செ.மீ. என்றால் 0.14 விநாடி, 15 என்றால் 0.175, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.226. தூரத்தை மீட்டரில் போட்டு இரண்டால் பெருக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் இந்த எண்கள் வரும். பள்ளியில் மனப்பாடம் செய்த அதே சூத்திரம்தான்.

இதில் கெடுவது மூன்று இடங்களில். முதலாவது, விடுபவர் தாளம் பிடித்துவிடுவார்: "ரெடி" சொல்லி ஒரு விநாடியில் விடுவது பழக்கமானால் பிடிப்பவர் முன்கூட்டியே விரலை மூடுவார், 5 செ.மீ. எல்லாம் வரும். 1 முதல் 5 விநாடிவரை ஒழுங்கில்லாமல் காக்க வைக்க வேண்டும். இரண்டாவது, கை அந்தரத்தில் இருந்தால் ஸ்கேலோடு சேர்ந்து கையும் கீழே இறங்கும். அதற்காகத்தான் மேஜை விளிம்பு. மூன்றாவது, 'என் பெஸ்ட் இதுதான்' என்று ஒரே ஒரு நல்ல முயற்சியைச் சொல்வது. முதல் மூன்றைத் தள்ளிவிட்டு, அடுத்த ஏழு முயற்சிகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். சராசரியைவிட இது நேர்மையான எண். ஒரு அதிர்ஷ்டப் பிடியோ ஒரு தவறவிட்ட பிடியோ அதை அசைக்காது. இடைநிலை அளவு எதற்கு என்று புள்ளியியல் வகுப்பில் புரியாதவர்களுக்கு இங்கே புரிந்துவிடும். பிறகு அதே ஆளை 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள். எத்தனை செ.மீ. கூடும் என்று முதலில் எல்லாரும் எழுதட்டும்.

ரூபாய்த் தாளோ டாலரோ, எந்த நோட்டையும் நீளவாக்கில் தொங்கவிட்டு, நடுவில் விரல் வைத்துக்கொண்டு "பிடித்தால் உனக்கே" என்று பந்தயம் கட்டுவது இதே கணக்குதான். விரலுக்கு மேலே மிஞ்சியிருப்பது 6-8 செ.மீ.; கிடைப்பது 0.11 முதல் 0.13 விநாடிதான். சாதாரண மனிதருக்கு அது போதாது.

நூலும் பூட்டும் கொஞ்சம் நிதானமான வேலை. லேபில் பத்து மதிப்பெண்ணுக்குச் செய்யும்போது சலிப்பூட்டும் ஊசல் பரிசோதனை, அறைக் கதவின் மேல் சட்டத்தில் கட்டிச் செய்யும்போது ஏனோ சண்டையே வரும் அளவுக்குச் சூடு பிடிக்கிறது. தொங்கும் புள்ளியிலிருந்து பூட்டின் நடுப்பகுதிவரை சரியாக 1 மீட்டர் வைத்தால் ஒரு முழு அலைவுக்கு (போய்த் திரும்பி வர) 2 விநாடிக்கு ஒரு துளி அதிகமாக ஆகும் (2.006). நீளத்தைக் கால் பங்காக, 25 செ.மீ. ஆக்கினால் நேரம் பாதி, 1 விநாடி. பூட்டுக்குப் பதிலாக இரண்டு பூட்டுகளைக் கட்டினால் நேரம் என்னவாகும் என்று சீட்டில் எழுதச் சொல்லிப் பாருங்கள். இயற்பியல் படிப்பவர்களே கூடத் தயங்குவார்கள். எடை மாறினாலும் நேரம் மாறாது. ஆனால் இரண்டாவது பூட்டு முதல் பூட்டுக்குக் கீழே தொங்கினால் நடுப்புள்ளி இறங்கி நீளம் கூடிவிடும், நேரமும் கூடும். அப்போது 'எடையால்தான்' என்று ஒருவர் சத்தியம் செய்வார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கட்டினால் வழக்கு முடிந்தது.

20 அலைவுகளுக்கு நேரம் எடுங்கள். ஒற்றை அலைவை அளக்காதீர்கள். ஸ்டாப்வாட்ச் அழுத்தும் கையின் தாமதம் 0.1 முதல் 0.2 விநாடி. 2 விநாடியில் அது பெரிய பிழை, 40 விநாடியில் அரை சதவீதத்தைத் தாண்டாது. பூட்டு ஓரத்தில் நின்று திரும்பும்போது அழுத்தாமல், நடுவைக் கடக்கும்போது அழுத்துங்கள்; அங்கேதான் வேகம் அதிகம், கடந்த கணம் தெளிவாகத் தெரியும். இழுத்துவிடும் கோணம் 10 டிகிரிக்குள் இருக்கட்டும். 30 டிகிரியில் நேரம் கிட்டத்தட்ட 1.7 சதவீதம் நீளும், 60 டிகிரியில் 7 சதவீதம்.

இங்கே வரும் மிகப் பொதுவான தவறு எண்ணுவதில் இருக்கிறது. ஸ்டாப்வாட்சைத் தொடங்கும் கணத்தில் "ஒன்று" என்று சொல்லிவிட்டால், "இருபது" சொல்லும்போது முடிந்திருப்பது 19 அலைவுகள்தான். நேரத்தை 20-ஆல் வகுத்து, நீளத்தோடு சேர்த்து ஊசல் சூத்திரத்தில் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 10.86 என்று வந்து நிற்கும். யாருக்காவது 10.8, 10.9 என்று வந்தால் நூலையோ பூட்டையோ சந்தேகப்படாதீர்கள், எண்ணியவரைப் பாருங்கள். தொடங்கும்போது "பூஜ்யம்" என்று சத்தமாகச் சொல்வதுதான் மருந்து. நீளத்தில் 1 செ.மீ. தவறினால் விடையில் 1 சதவீதம் தவறும், அதனால் 9.7-க்கும் 9.9-க்கும் நடுவே எது வந்தாலும் கைதட்டலாம்.

கேன்டீன் மேஜைக்கு ஏற்றது நாணயம். "மூன்று சுண்டலின் வரிசை ஒன்றைத் தேர்ந்தெடு. நான் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கிறேன். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே போவோம், யாருடைய வரிசை முதலில் வருகிறதோ அவருக்கு வெற்றி." இது 1969-இல் வால்டர் பென்னி வெளியிட்ட புதிர். எல்லா வரிசைக்கும் ஒரே வாய்ப்புதானே என்று எதிராளி நினைப்பார். ஆனால் இரண்டாவதாகத் தேர்ந்தெடுப்பவர் எப்போதுமே முன்னால் இருக்கலாம். வழி: எதிராளியின் வரிசையில் நடுவில் இருப்பதைத் திருப்பி முன்னால் வைத்து, அதன் பின் அவருடைய முதல் இரண்டை அப்படியே வையுங்கள். அவர் 'பூ, தலை, பூ' என்றால் நீங்கள் 'பூ, பூ, தலை'. அவர் 'பூ, பூ, பூ' என்றால் நீங்கள் 'தலை, பூ, பூ'. குறைந்தபட்சம் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உங்களுக்கு. கடைசியாகச் சொன்னதில் எட்டில் ஏழு. காரணமும் எளிது: முதல் மூன்று சுண்டலிலேயே மூன்று பூ விழுந்தால் மட்டும்தான் அவர் ஜெயிப்பார். ஒரு தலை விழுந்துவிட்டாலோ, மூன்று பூ சேர்வதற்கு முன் 'தலை, பூ, பூ' கட்டாயம் வந்துவிடும்.

ஒரே சுற்றில் முடித்துவிட்டால் வித்தை பலிக்காது, மூன்றில் ஒரு முறை தோற்பீர்கள். முதலில் ஐந்து வெற்றி பெறுபவர் என்று வையுங்கள். இன்னொன்று: மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கினால் விளையாட்டே மாறிவிடும்; அப்போது எல்லா வரிசைக்கும் எட்டில் ஒன்று வாய்ப்புதான், உங்கள் கூடுதல் பலம் போய்விடும். விழுவதை எல்லாம் ஒரே தொடராகத் தாளில் எழுதிக்கொண்டே போக வேண்டும். பணம் வைத்து ஆடாதீர்கள். விடை தெரிந்தவர் தெரியாதவரிடம் பணம் வாங்குவது விளையாட்டில் சேராது. தோற்றவர் நாளைக்கான கேள்விச் சீட்டுகளை எழுதட்டும்.

ஆசிரியர் வர தாமதமாகி வகுப்பே சும்மா இருக்கும்போது வேண்டியது கூட்ட விளையாட்டு. என் தேர்வு இது: ஒவ்வொருவரும் 0 முதல் 100-க்குள் ஓர் எண்ணை எழுத வேண்டும், எல்லா எண்களின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிக அருகில் எழுதியவர் வென்றார். கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் சராசரி 50, எனவே 33 எழுத வேண்டும். எல்லாரும் அப்படியே யோசித்தால் 22. அதற்கும் மேலே யோசித்தால் 15. இப்படி இறங்கிக்கொண்டே போனால் தர்க்கத்தின் முடிவு 0. ஆனால் முதல் சுற்றில் 0 எழுதியவர் தோற்பார், ஏனென்றால் மற்றவர்கள் அவ்வளவு தூரம் யோசிக்க மாட்டார்கள். ரோஸ்மேரி நாகல் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் இதை மாணவர்களை வைத்து ஆடிப் பார்த்தார். முதல் சுற்றில் சராசரி முப்பதுகளில் நின்று, சுற்றுக்குச் சுற்று இறங்கியது. பங்குச் சந்தையைப் பற்றிப் பொருளியலாளர் கெய்ன்ஸ் 1936-இல் எழுதியதும் இதே சங்கதிதான்: எது நல்லது என்பதைவிட, எது நல்லது என்று மற்றவர்கள் நினைப்பார்கள் என்பதைத்தான் எல்லாரும் யூகிக்கிறார்கள்.

இரண்டு பேர் மட்டும் ஆடினால் சின்ன எண் எழுதியவரே எப்போதும் வெல்வார், சுவை இருக்காது. ஆறு பேர் இருக்கும்போது ஒரு குறும்புக்காரர் வேண்டுமென்றே 100 எழுதினால் இலக்கு தாறுமாறாகும்: மற்ற ஐவரின் சராசரி 24 என்றால் இலக்கு 16-லிருந்து 24-க்குத் தாவிவிடும். பதினைந்து இருபது பேர் இருந்தால் அந்தக் குறும்பு அமுங்கிவிடும். மூன்று சுற்றுகள் ஆடுங்கள், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் சராசரியைப் பலகையில் எழுதுங்கள். சீட்டுகளைத் திரட்டிக் கூட்ட ஒருவர் போதும், கணக்குப் போட போன் இருக்கிறது.

பிறந்தநாள் கணக்கு பலருக்கும் தெரிந்ததுதான்: 23 பேரில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு 50.7 சதவீதம், 40 பேரில் 89, 60 பேரில் 99-க்கு மேல். நம்பாதவர்கள் குழம்பும் இடம் ஒன்று: 'என் பிறந்தநாளில்' இன்னொருவர் இருப்பதற்குப் பாதி வாய்ப்பு வேண்டுமானால் மற்றவர்கள் 253 பேர் தேவை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். 23 பேருக்குள் அமையும் ஜோடிகளின் எண்ணிக்கையும் 253-தான் என்பதைச் சொன்னால் கணக்கு பிடித்தவர்கள் முகம் மலரும்.

நடந்து போகும் வழியில் வாய்க்கணக்கு. வகுப்பறையில் இருக்கும் காற்றின் நிறை எவ்வளவு? ஒரு கிலோ, ஐந்து கிலோ என்று எழுதுவார்கள். 10 மீட்டர் நீளம், 8 அகலம், 3.5 உயரம் என்றால் 280 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ, ஆக 330 கிலோவுக்கு மேல். சொட்டுகிற குழாய் விநாடிக்கு ஒரு சொட்டு விட்டால் ஒரு நாளில் எவ்வளவு? ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி, ஒரு நாளில் 86,400 விநாடி, ஆக 4.3 லிட்டர். இதைச் சோதிக்கவும் முடியும்: பாட்டிலை ஒரு மணி நேரம் கீழே வைத்தால் 180 மில்லி சேர வேண்டும். சேர்ந்தது வெகுவாக வேறுபட்டால் சொட்டின் அளவைத்தான் தவறாக எடுத்திருக்கிறீர்கள். 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டுச் சோதனையின்போது இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி காகிதத் துண்டுகளைக் கீழே விட்டு, அதிர்வலை அவற்றை எவ்வளவு தள்ளியது என்று பார்த்தே வெடிப்பின் ஆற்றலைத் தோராயமாகச் சொன்னார். அந்த வகைக் கணக்குதான் இது.

மதிப்பெண் போடும் முறை முக்கியம். வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்காதீர்கள், எத்தனை மடங்கு விலகல் என்று பாருங்கள். இரண்டு மடங்குக்குள் இருந்தால் 2 புள்ளி, பத்து மடங்குக்குள் என்றால் 1, அதற்கு மேல் பூஜ்யம். 'அமேசான் காட்டில் எத்தனை இலைகள்' போன்ற கேள்விகளை ஒதுக்குங்கள். சரிபார்க்க முடியாத கேள்வியில் குரல் பெரியவர்தான் வெல்வார்.

இரண்டு பேர் மட்டும் பேருந்தில் உட்கார்ந்திருந்தால் நான்கு இலக்க எண் ஆட்டம். ஒருவர் நான்கு வெவ்வேறு இலக்கங்களை மனதில் வைக்கிறார், மற்றவர் யூகிக்கிறார். பதிலில் இரண்டு எண்கள்: இடத்தோடு சரியானவை எத்தனை, இலக்கம் மட்டும் இருந்து இடம் தவறியவை எத்தனை. மறைத்தது 4271, யூகம் 1234 என்றால் பதில் '1 இடம், 2 இலக்கம்'. அவசரத்தில் '1 இடம், 3 இலக்கம்' என்று சொல்லிவிடுவார்கள், 2-ஐ இரண்டு முறை எண்ணியதால். ஒரு தவறான பதில் ஆட்டத்தையே குலைத்துவிடும் என்பதால் மறைத்த எண்ணைத் தாளில் எழுதி வைத்தே பதில் சொல்ல வேண்டும். பூஜ்யத்தை முதலிடத்தில் அனுமதித்தால் 5,040 சாத்தியங்கள். சரியாக ஆடினால் ஏழு யூகங்களுக்குள் எந்த எண்ணையும் பிடிக்கலாம். புதியவர்கள் 'இல்லை' என்று தெரிந்த இலக்கத்தை மறுபடி தொடவே மாட்டார்கள். அதை வேண்டுமென்றே ஓர் இடத்தில் போட்டு மற்றதை மட்டும் சோதிப்பதுதான் தேர்ந்தவர்களின் உத்தி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. நிரலில் பிழை தேடும்போதும் இதே வேலைதான்.

போனை வைத்துச் செய்ய ஒன்று. ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப், போனிலுள்ள உணரிகளை அளவுக்கருவியாக்கித் தரும். அதில் ஒலியால் இயங்கும் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது: ஒரு சத்தத்தில் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். இரண்டு போன்களை நீளமான நடைபாதையில் 5 மீட்டர் தள்ளி வையுங்கள். முதல் போனுக்குப் பக்கத்தில் ஒருவர் கைதட்ட இரண்டும் ஓடத் தொடங்கும். பிறகு இரண்டாவது போனுக்குப் பக்கத்தில் மற்றவர் கைதட்ட இரண்டும் நிற்கும். ஒலி போய்ச் சேர எடுத்த தாமதம் இரண்டு முறையும் சேர்ந்து, இரு போன்களின் வித்தியாசமாகத் தெரியும். 10 மீட்டரை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் ஒலியின் வேகம். 0.029 விநாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். கைதட்டல் எதிரொலித்தே போன் நின்றுவிட்டால் குறைந்தபட்ச இடைவெளியைக் கூட்டுங்கள். பேச்சுச் சத்தத்திலேயே ஓடத் தொடங்கினால் உணர்திறன் வரம்பை உயர்த்துங்கள். கைதட்டுபவர் போனை ஒட்டி, இரு போன்களும் அமைந்த நேர்கோட்டிலேயே நிற்க வேண்டும். நடுவில் நின்று தட்டினால் விடை அபத்தமாக வரும்.

இரவு விளையாட்டுதான் பாடத்துக்கு நேரடியாக உதவுவது, கொஞ்சம் ஒழுங்கும் தேவைப்படுவது. நான்கைந்து பேர். ஒவ்வொருவரும் அன்றைய வகுப்பிலிருந்து மூன்று கேள்விகளைச் சீட்டில் எழுதி, பின்பக்கம் விடையை எழுத வேண்டும். மொத்தம் 12-15 கேள்விகள், 20 நிமிடம், அதற்கு மேல் போகக் கூடாது. கேள்வியைப் படித்ததும் எல்லாரும் விடையை எழுதுகிறார்கள். எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இதை விட்டால் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு விடை சொல்லும் ஒருவர் மட்டும் ஆடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். விடைகள் இரண்டாகப் பிரிந்தால் உடனே சீட்டைத் திருப்பாதீர்கள். வேறு விடை எழுதியவரை இரண்டு நிமிடம் சம்மதிக்க வைக்க முயலுங்கள், பிறகு மறுபடி எழுதுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் 1990-களில் தன் இயற்பியல் வகுப்பில் கொண்டுவந்த முறை இது. ஏறத்தாழ பாதிப் பேர் சரியாகவும் பாதிப் பேர் தவறாகவும் இருக்கும் கேள்வியில்தான் இந்த வாக்குவாதம் பலன் தரும்; எல்லாருக்கும் தெரிந்ததிலும் யாருக்குமே தெரியாததிலும் நேரம்தான் போகும்.

திரும்பப் படிப்பதைவிட இது ஏன் மேல் என்பதற்கு உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் செய்த ஆய்வு நல்ல சான்று. ஒரு பகுதியைப் படித்துவிட்டு, சிலர் மறுபடி படித்தார்கள், சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: நினைவிலிருந்து எழுதியவர்கள் சுமார் 56 சதவீதம், மறுபடி படித்தவர்கள் சுமார் 42. தேர்வு நாள் காலையில் புரட்டியது எல்லாம் தெரிந்த மாதிரி தோன்றுவதும், அடுத்த மாதம் ஒன்றும் நிற்காமல் போவதும் இதனால்தான்.

கெடுவது பெரும்பாலும் கேள்வியின் தரத்தில். '... என்றால் என்ன' என்று மூன்றும் வரையறையாகவே வரும். ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: மூன்றில் ஒன்று 'ஏன்', ஒன்று 'இதை மாற்றினால் என்ன ஆகும்', ஒன்றுதான் வரையறை. கேள்வி எழுதியவருக்கே விளக்கம் தெரியவில்லை என்றால் அந்தச் சீட்டு செல்லாது. அடுத்த கோளாறு பேச்சு திசைமாறுவது. அதற்கு மருந்து கிடையாது, கடிகாரம்தான். 20 நிமிடம் ஆனதும் எழுந்துவிட வேண்டும். பிறகு அரட்டை எவ்வளவு நேரம் நடந்தாலும் குற்றமில்லை.

பயன்படுத்திய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் எழுதிவைத்த பெட்டி முறைக்கு மூன்று கடித உறைகள் போதும். புதிய சீட்டு முதல் உறையில். அதை மறுநாளே கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவது உறைக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம். மறுபடி சரி என்றால் மூன்றாவது, வாரம் ஒருமுறை. எந்த உறையில் இருந்து எடுத்தாலும் தவறினால் நேரே முதல் உறைக்கு. உறைகள் ஆளுக்கு ஆள் தனித்தனியாக இருந்தால்தான் சரிவரும். குழுவுக்குப் பொதுவாக வைத்தால் ஒருவருக்குத் தெரிந்ததால் எல்லாருடைய சீட்டும் முன்னேறிவிடும். அதனால் சீட்டைப் போனில் படம் எடுத்து அவரவர் எழுதிக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் மூன்றாவது உறையைத் தொடவே வேண்டாம். முதல் உறையிலேயே மூன்று நான்கு முறை திரும்பி வந்த சீட்டுகளை மட்டும் தனியே எடுங்கள். அவற்றில் பாதி, கேள்வி குழப்பமாக எழுதப்பட்டவையாக இருக்கும். அவற்றை மாற்றி எழுதுங்கள். மீதியை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.